தேயிலை ஏன் சிவக்கிறது? கல மென்சவ்வைப் பற்றி ஒரு விளக்கம்

எல்லவுக்கு வரும் உல்லாசப் பயணிகள் ஒன்பது வளைவுப் பாலத்தில் படம் எடுத்து முடித்ததும் தேயிலைத் தொழிற்சாலை பார்க்கப் போகிறார்கள். கடந்த விடுமுறையில் நானும் ஒரு தொழிற்சாலைக்குப் போனேன். என்னைக் கூட்டிப் போனவர் பெரியப்பா. முப்பது வருடங்களுக்கு மேல் கொழுந்து வாட்டும் மாடியில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். 1977 வன்செயலுக்குப் பிறகு என் அப்பா ஊவாவை விட்டு வன்னிக்குப் போனார். பெரியப்பா தோட்டத்திலேயே இருந்துவிட்டார்.

நான் கிளிநொச்சி மாவட்டத்தில் உயர்தர மாணவர்களுக்கு உயிரியல் கற்பிக்கிறேன். ‘கல மென்சவ்வின் கட்டமைப்பும் கூறுகளும்’ என்ற பாடத்தை ஒவ்வொரு வருடமும் நடத்துகிறேன். பிள்ளைகள் படத்தை அழகாக வரைவார்கள், பெயரிடுவார்கள், புள்ளியும் எடுப்பார்கள். “இது எங்களுக்கு எங்கே பயன்படுகிறது?” என்று கேட்டால் வகுப்பு அமைதியாகிவிடும். அந்தக் கேள்விக்கு நான் சொல்லக்கூடிய மிக நல்ல பதில் ஒன்று அந்தத் தொழிற்சாலை மாடியில் கிடைத்தது.

நீண்ட தொட்டிகளில் கொழுந்து பரப்பியிருந்தது. அடியிலிருந்து காற்று வீசியது. ஒரு பிடி எடுத்துப் பார்த்தேன். துணி மாதிரித் துவண்டது, ஆனால் நிறம் இன்னும் பச்சைதான்.

“இத்தனை மணித்தியாலம் காய்ஞ்ச பிறகும் ஏன் பெரியப்பா சிவக்கல?” என்று கேட்டேன்.

“இது செத்த கொழுந்து இல்ல புள்ள. வாடித்தான் இருக்கு. கொல்றது கீழ, ரோலர்ல” என்றார்.

பெரியப்பா பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவர். ஆனால் கல மென்சவ்வு என்ன செய்கிறது என்பதை அவரைவிடச் சுருக்கமாக என்னால் சொல்ல முடியாது.

இலைக்குள் இருக்கும் அறைகள்

தேயிலைக் கொழுந்து கோடிக்கணக்கான கலங்களால் ஆனது. ஒவ்வொரு கலத்தின் நடுவிலும் சாறு நிறைந்த ஒரு பை இருக்கிறது. பாடப்புத்தகம் அதைப் புன்வெற்றிடம் என்கிறது. தேயிலைக்குத் துவர்ப்பைத் தரும் கற்றெக்கின் என்ற பொருட்கள் பெரும்பாலும் அந்தப் பைக்குள் இருக்கின்றன. அவற்றை ஒட்சிசனோடு சேர்த்துச் சிவக்கச் செய்யும் நொதியங்கள் பைக்கு வெளியே இருக்கின்றன.

பொருளும் தயார், நொதியமும் தயார், காற்றும் இருக்கிறது. ஆனாலும் செடியில் நிற்கும் இலை சிவப்பதில்லை. காரணம், பையைச் சூழ்ந்து ஒரு மென்சவ்வு இருக்கிறது. கலத்தைச் சுற்றி வெளியே இன்னொன்று இருக்கிறது. கலத்துக்குள் உள்ள ஒவ்வொரு அறைக்கும் இப்படி ஓர் எல்லை உண்டு. இவை எல்லாம் ஏறத்தாழ ஒரே முறையில் கட்டப்பட்டவை.

ஒரு மென்சவ்வின் தடிப்பு 7 முதல் 8 நனோமீற்றர். அப்பியாசக் கொப்பியின் ஒரு தாளின் தடிப்புக்குள் ஏறத்தாழ 13,000 மென்சவ்வுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கலாம். அவ்வளவு மெல்லிய ஒரு படலம்தான் கொழுந்தைப் பச்சையாக வைத்திருக்கிறது.

எதனால் ஆனது?

மென்சவ்வின் அடிப்படைப் பொருள் கொழுப்பு. அது பொசுபோலிப்பிட்டு என்ற வகைக் கொழுப்பு. அதன் ஒவ்வொரு மூலக்கூறுக்கும் ஒரு தலையும் இரண்டு வால்களும் உண்டு. தலை தண்ணீரை விரும்பும், வால்கள் தண்ணீரை வெறுக்கும். கலத்துக்கு உள்ளேயும் தண்ணீர், வெளியேயும் தண்ணீர். ஆகவே இந்த மூலக்கூறுகள் இரண்டு வரிசையாக நிற்கின்றன. ஒரு வரிசையின் தலைகள் வெளியே பார்க்கின்றன, மற்றதன் தலைகள் உள்ளே பார்க்கின்றன. வால்கள் நடுவில் ஒன்றையொன்று பார்த்தபடி ஒளிந்துகொள்கின்றன. இதை யாரும் பிடித்து அடுக்க வேண்டியதில்லை. தண்ணீரில் விட்டால் தாமாகவே அப்படி நிற்கும்.

இது இரட்டைப் படை என்பதை 1925இல் நெதர்லாந்தின் கோர்ட்டர், கிரெண்டல் ஆகிய இருவர் காட்டினார்கள். இரத்தச் செங்கலங்களிலிருந்து கொழுப்பைப் பிரித்தெடுத்துத் தண்ணீரின் மேல் ஒற்றைப் படையாகப் பரப்பினார்கள். அது பிடித்த பரப்பு, அந்தக் கலங்களின் மொத்த மேற்பரப்பைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்காக வந்தது. அப்படியானால் கலத்தின்மேல் கொழுப்பு இரண்டு படைகளாக இருந்திருக்க வேண்டும்.

இந்தக் கொழுப்புப் படை சுவர் மாதிரி இறுகி நிற்பதில்லை. எண்ணெய் மாதிரி அசைந்துகொண்டே இருக்கிறது. எல்லவில் குளிர்காலத்து விடியலில் தேங்காயெண்ணெய்ப் போத்தலைப் பார்த்தால் வெள்ளையாக உறைந்திருக்கும். அதே எண்ணெய் கிளிநொச்சியில் உறைவதில்லை. நல்லெண்ணெய்யோ எல்லவிலும் உறையாது. தேங்காயெண்ணெய்யின் வால்கள் பெரும்பாலும் நேரானவை. குளிர் வந்தால் விறகுக் கட்டு மாதிரி நெருங்கி அடுங்கிவிடும். நல்லெண்ணெய்யின் வால்களில் வளைவு உண்டு, அதனால் நெருங்க முடியாது. கல மென்சவ்வு உறைந்தால் அது வேலை செய்யாது. எனவே குளிரைத் தாங்கும் செடிகள் தங்கள் மென்சவ்வில் வளைந்த வாலுள்ள கொழுப்பைக் கூட்டிக்கொள்கின்றன. எங்கள் உடலில் கொலஸ்திரோலும் இந்த நிதானத்தைப் பேண உதவுகிறது. அது மென்சவ்வை மிகவும் இறுகவும் விடாது, மிகவும் இளகவும் விடாது. செடிகளில் அந்த வேலையைச் செய்ய அதை ஒத்த வேறு பொருட்கள் உண்டு.

இரண்டாவது கூறு புரதம். பல கலங்களில் மென்சவ்வின் நிறையில் ஏறத்தாழப் பாதி புரதம்தான். கொழுப்புப் படையை ஒட்சிசன், காபனீரொட்சைட்டு போன்ற சிறிய வாயுக்கள் இலகுவாகக் கடக்கும். உப்பும் சீனியும் கடக்க முடியாது. அவற்றுக்குப் புரதத்தால் ஆன வாயில்கள் வேண்டும். சில புரதங்கள் திறந்த குழாய் மாதிரி. சில, சாவி விழுந்தால் திறக்கும் கதவு மாதிரி. இன்னும் சில, சக்தியைச் செலவழித்துப் பொருளை இறைக்கும் பம்பி மாதிரி. தண்ணீருக்கென்றே தனிக் குழாய்களும் உண்டு. அவற்றைக் கண்டுபிடித்த பீட்டர் ஏக்ருக்கு 2003இல் நோபல் பரிசு கிடைத்தது.

மூன்றாவது கூறு காபோவைதரேற்று. கலத்தின் வெளிப்பக்கத்தில் புரதத்தோடும் கொழுப்போடும் ஒட்டிய சிறு சீனிச் சங்கிலிகளாக அது நிற்கிறது. இது கலத்தின் அடையாள அட்டை. இரத்தம் கொடுக்கப் போகும்போது ஏ, பி, ஓ என்று வகை பார்க்கிறார்களே, அந்த வித்தியாசம் செங்கலத்தின் மேலுள்ள சங்கிலியின் நுனியில் நிற்கும் ஒரே ஒரு சீனியில்தான் இருக்கிறது.

அசையும் கொழுப்புக் கடலில் புரதங்கள் மிதக்கும் இந்தப் படத்தை 1972இல் சிங்கர், நிக்கல்சன் ஆகிய இருவரும் முன்வைத்தார்கள். பிள்ளைகள் ‘பாய்ம சித்திரவடிவ மாதிரி’ என்று பாடமாக்குவது இதைத்தான்.

ரோலரில் நடப்பது

இப்போது தொழிற்சாலையின் கீழ்மாடிக்கு வருவோம். வாடிய கொழுந்தை ரோலரில் போட்டு அமுக்கி உருட்டுகிறார்கள். கலங்கள் நசிகின்றன, மென்சவ்வுகள் கிழிகின்றன. பைக்குள் இருந்த கற்றெக்கினும் வெளியே இருந்த நொதியமும் முதல் தடவையாக ஒன்றாகின்றன. காற்றிலுள்ள ஒட்சிசன் சேர்கிறது. பச்சை இலை கண்ணுக்கு முன்னாலேயே செம்பு நிறத்துக்கு மாறுகிறது. தேத்தண்ணியின் பொன்னிறத்தையும் சிவப்பையும் தரும் பொருட்கள் அப்போதுதான் உருவாகின்றன.

தொழிற்சாலைகளில் இதைப் ‘பெர்மென்ட்’ பண்ணுவது என்பார்கள். தயிர் புளிப்பதைப் போலக் கிருமிகள் செய்யும் வேலை இதில் இல்லை. இலையின் சொந்த நொதியமே எல்லாவற்றையும் செய்கிறது. நிறம் போதுமானதும் சூட்டில் காயவைத்து அந்த நொதியத்தை நிறுத்துகிறார்கள்.

ஊவாத் தேயிலையின் பெயர்போன வாசமும் இதே கிழிசலில்தான் பிறக்கிறது. ஜூலை முதல் செப்டம்பர் வரை மலையைத் தாண்டி வீசும் வறண்ட காற்றில் விளையும் கொழுந்துக்கு ஒரு குளிர்ச்சியான வாசம் உண்டு. நோவுக்குப் பூசும் களிம்பில் வருகிற அதே வாசம். அதைத் தரும் பொருளின் பெயர் மெதைல் சலிசிலேற்று. பச்சை இலையில் அது ஒரு சீனியோடு கட்டப்பட்டு வாசமில்லாமல் இருக்கும். கலம் உடைந்த பிறகுதான் அந்தக் கட்டை அவிழ்க்கும் நொதியம் அதனிடம் வந்து சேர்கிறது.

நொதியத்தை முதலிலேயே நிறுத்திவிட்டால் என்ன ஆகும்? பச்சைத் தேயிலை கிடைக்கும். பறித்த கொழுந்தை முதலில் ஆவியிலோ சட்டியிலோ சூடாக்குகிறார்கள். பிறகு எவ்வளவு உருட்டினாலும் சிவக்காது. மென்சவ்வு கிழிந்தாலும் வேலை செய்ய நொதியம் இல்லை.

மலையில் கொழுந்து பறிக்கும் பெண்களுக்கு இதன் மறுபக்கம் தெரியும். சாக்கில் இறுக்கி அடைத்தால் அடியிலுள்ள கொழுந்து நசிந்து, சூடேறி, தொழிற்சாலைக்கு வர முன்பே சிவந்துவிடும். அது தரம் குறைந்த கொழுந்து. “கையில கசக்காம போடு” என்று பெரியம்மா புதிதாக மலைக்கு வந்த பிள்ளைகளுக்குச் சொல்லுவது மென்சவ்வைக் காப்பாற்றச் சொல்லும் பாடம்தான்.

அட்டையும் உப்பும்

மழைக்காலத்தில் மலைக்கு ஏறுகிறவர்கள் சேலைத் தலைப்பில் கொஞ்சம் உப்பு முடிந்துகொண்டு போவார்கள். காலில் ஏறிய அட்டையின் மேல் உப்பை வைத்தால் அது சுருண்டு விழும். அட்டையின் கலங்களுக்குள் இருக்கும் தண்ணீர் வெளியேயுள்ள உப்பை நோக்கி வெளியேறுகிறது. பாடத்தில் இதன் பெயர் பிரசாரணம்.

இதை ஒரு விதியாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மென்சவ்வின் எந்தப் பக்கத்தில் உப்பு கூட இருக்கிறதோ, அந்தப் பக்கத்துக்குத் தண்ணீர் போகும். உப்பு எந்தப் பக்கத்தில் இருக்கலாம் என்பதை மென்சவ்விலுள்ள வாயில்கள் தீர்மானிக்கின்றன.

தேயிலையிலிருந்து இந்த விதிக்கு வந்ததற்கு ஒரு காரணம் இருக்கிறது. ஒரு பிள்ளையின் உயிர் இந்த விதியில் தொங்கியதை நான் பார்த்திருக்கிறேன்.

முகாமில் ஒரு பிள்ளை

2009இல் நாங்கள் முட்கம்பிக்குள் இருந்த காலம். பக்கத்துக் கூடாரத்தில் ஒன்றரை வயதுப் பிள்ளைக்கு வயிற்றோட்டம். தாய் தண்ணீர் கொடுப்பதை நிறுத்திவிட்டாள். “குடுக்கக் குடுக்கப் போகுது, நிப்பாட்டினாத்தான் நிக்கும்” என்றாள். பிள்ளையின் கண் குழிவிழுந்து, அழக் கண்ணீர் இல்லாமல் கிடந்தது. அந்த வரிசையில் முன்பு தாதியாக வேலை செய்த ஓர் அக்கா இருந்தார். அவர்தான் தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆற்றி, சீனியும் உப்பும் அளந்து கலந்து, கரண்டி கரண்டியாகப் பருக்கச் சொன்னார். தாய் விடிய விடியப் பருக்கினாள். பிள்ளை பிழைத்தது.

உப்பு தண்ணீரை இழுக்கும் என்றால், குடலுக்குள் உப்பு போனால் உடம்பின் தண்ணீர் இன்னும் வெளியேறாதா? சீனி எதற்கு? அன்று எனக்கு இந்தக் கேள்விகள் எழவில்லை. பிறகு படித்தபோதுதான் விளங்கியது.

சிறுகுடலின் கலங்களில், உணவுப் பக்கத்தைப் பார்த்த மென்சவ்வில், ஒரு விசேட வாயில் இருக்கிறது. அது சோடியத்தையும் குளுக்கோசையும் ஒன்றாக வந்தால்தான் உள்ளே எடுக்கும். ஒரு குளுக்கோசோடு இரண்டு சோடியம் உள்ளே போகும். கலத்தின் மறுபக்கத்திலுள்ள பம்பி அந்தச் சோடியத்தை உடம்புக்குள் தள்ளுகிறது. உப்பு உடம்புப் பக்கத்துக்குப் போய்விட்டது. எனவே விதிப்படி தண்ணீரும் அந்தப் பக்கத்துக்குப் போகிறது. உப்புத் தண்ணீரை மட்டும் கொடுத்தால் இந்த வாயில் திறவாது. சீனிதான் அதன் சாவி.

இந்த வாயிலின் வேலையை அமெரிக்கரான ரொபர்ட் கிரேன் 1960இல் முன்வைத்தார். கொலரா வந்தால் கிருமியின் நஞ்சு வேறு ஒரு வாயிலைத் திறந்தபடியே வைத்து உப்பையும் தண்ணீரையும் குடலுக்குள் கொட்டச் செய்கிறது. ஆனால் சோடியமும் குளுக்கோசும் போகும் வாயிலை அந்த நஞ்சு தொடுவதில்லை. வெளியே போகும் கதவை மூட முடியாவிட்டாலும் உள்ளே வரும் கதவால் தண்ணீரை ஏற்றலாம்.

இது பெரிய அளவில் நிரூபிக்கப்பட்டதும் ஓர் அகதி முகாமில்தான். 1971 போரில் கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து ஏறத்தாழ ஒரு கோடிப் பேர் இந்தியாவுக்கு ஓடினார்கள். மேற்கு வங்காளத்தின் பொங்காவ்ன் முகாமில் கொலரா பரவியது. நாளத்தில் ஏற்றும் சேலைன் தீர்ந்துபோனது. திலீப் மகாலனபிஸ் என்ற வைத்தியர் குளுக்கோசும் உப்பும் சோடாவும் கலந்த பொட்டலங்களைச் செய்வித்து, தண்ணீரில் கரைத்து வாயால் பருக்கச் சொன்னார். பருக்கியவர்கள் பெரும்பாலும் நோயாளிகளின் தாய்மாரும் சகோதரங்களும்தான். அதற்கு முன் நூற்றுக்கு 30 பேர் வரை இறந்துகொண்டிருந்தார்கள். இந்தக் கரைசலைப் பெற்றவர்களில் அது 4 பேருக்கும் குறைவானது. இன்று எங்கள் ஊர்களில் ‘ஜீவனி’ என்று கேட்டு வாங்கும் பொட்டலம் அந்த வழியில் வந்தது.

கஞ்சிக்கும் அதே வாயில்

சீனி இல்லாத வீட்டில் உப்புப் போட்ட அரிசிக் கஞ்சியும் இதே வேலையைச் செய்யும். அரிசியின் மாப்பொருள் குடலில் குளுக்கோசாக உடைகிறது. அது கொஞ்சம் கொஞ்சமாக வெளிப்பட்டு, உப்பையும் தண்ணீரையும் கூட்டிக்கொண்டு உள்ளே போகிறது.

போரின் கடைசி மாதங்களில் எங்களுக்குக் கிடைத்ததும் அதுதான். அரிசி, உப்பு, தண்ணீர். ஒவ்வொரு மே மாதமும் சிரட்டையில் அந்தக் கஞ்சியை வாங்கிக் குடிக்கிறோம். அதைப் பசியின் நினைவாகத்தான் வைத்திருக்கிறோம். வரிசையில் நின்று அதை வாங்கி வந்த தாய்மார் பிள்ளையின் உடம்பில் தண்ணீரையும் பிடித்து வைத்தார்கள். அவர்களுக்கு அந்த வாயிலின் பெயர் தெரிந்திருக்கத் தேவையில்லை. எங்களுக்குத் தெரிந்தால் நல்லது. ஏனென்றால் இடம்பெயர்வு போரோடு முடிந்துவிடவில்லை. 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. தப்பியவர்கள் பாடசாலைகளில் தங்கினார்கள். வெள்ளமோ மண்சரிவோ வந்து கிணறும் பீலியும் அழுக்கானால், முதலில் விழுவது சிறு பிள்ளைகளின் வயிறுதான்.

எனவே அளவை எழுதி வைக்கிறேன். ஜீவனி கிடைத்தால் பொட்டலத்தில் சொன்ன அளவு தண்ணீரில் முழுவதையும் ஒரேயடியாகக் கரைக்க வேண்டும். கிடைக்காவிட்டால், கொதித்து ஆறிய ஒரு லீற்றர் தண்ணீருக்கு ஆறு தேக்கரண்டி சீனி, அரைத் தேக்கரண்டி உப்பு. கரண்டி தலைதட்டி இருக்க வேண்டும், குவியக் கூடாது. உப்பு கூடினால் ஆபத்து, குறிப்பாகக் குழந்தைகளுக்கு. சீனி கூடினாலும் பிழை. மிதமிஞ்சிய சீனி குடலுக்குள் தங்கி, அட்டையின் மேல் போட்ட உப்பைப் போலத் தண்ணீரை வெளியே இழுக்கும். அதனால்தான் சோடாவும் சீனி கூடிய பிளேன்டீயும் இதற்கு மாற்று ஆகாது. பிள்ளை வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து மீண்டும் கரண்டியால் பருக்க வேண்டும். தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது. மலத்தில் இரத்தம், குழிவிழுந்த கண், சோர்ந்து எழும்பாமை, சிறுநீர் போகாமை, குடிக்கவே முடியாமை ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். போகும் வழியிலும் பருக்கிக்கொண்டே போகலாம்.

தொழிற்சாலையிலிருந்து திரும்பும்போது பெரியப்பாவிடம் மென்சவ்வைப் பற்றிச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். “அப்ப நாங்க இத்தன வருசம் கிழிச்சது அதத்தானா?” என்று சிரித்தார். வாட்டிய கொழுந்தில் ஒரு பிடியும் உருட்டியதில் ஒரு பிடியும் காகிதத்தில் மடித்துத் தந்தார். அடுத்த தவணையில் அந்தப் பாடத்தைத் தொடங்கும்போது கரும்பலகையில் படம் வரைவதற்கு முன்பு இரண்டையும் மேசையில் வைக்கப் போகிறேன்.